எம்ஸிலிருந்து எழுதிய கணவர்: தஸ்தயெவ்ஸ்கியின் நோய்க்காலக் கடிதங்களும் அன்னாவின் பங்கும்

ரஷ்ய நாவலாசிரியர் ஃபியோதர் தஸ்தயெவ்ஸ்கி 1874, 1875, 1876, 1879 ஆகிய நான்கு ஆண்டுகளின் கோடைக்காலங்களில், தம் நுரையீரல் நோய்க்கு மருத்துவம் பெறும்பொருட்டு ஜெர்மனியிலுள்ள பாத் எம்ஸ் என்னும் சிறு நகருக்குச் சென்று, ஒவ்வொரு முறையும் பல வாரங்கள் தனியே தங்கினார். மனைவி அன்னா கிரிகோரியெவ்னா குழந்தைகளுடன் ரஷ்யாவில், பெரும்பாலும் ஸ்தாராயா ரூஸா என்னும் சிற்றூரில் இருந்தார். பிரிந்திருந்த அந்த வாரங்களில் கணவர் சில நாட்களுக்கு ஒருமுறை எழுதிய கடிதங்களும், மனைவியின் பதில்களில் எஞ்சியவையும் இன்று அச்சில் கிடைக்கின்றன. இக்கடிதங்களை ஆய்வாளர்கள் பெரும்பாலும் நாவல்களுக்கு உரிய அடிக்குறிப்புகளாகவே பயன்படுத்தி வந்துள்ளனர். எந்த அத்தியாயம் எந்த நாளில் முடிந்தது, எந்தக் கருத்து எப்போது உருவாயிற்று என்பதை உறுதிசெய்யும் சான்றுகளாகவே அவை எடுத்தாளப்பட்டன. ஆனால் அவற்றை முழுமையாகப் படிப்பவருக்கு வேறொன்று புலனாகும். ஒரு குடும்பத்தையும், ஒரு பதிப்பகத்தையும், ஒரு மாபெரும் இலக்கியப் பணியையும் இருவர் சேர்ந்து நடத்தியதன் ஆவணம் அது. அந்த இருவரில் நிலைத்து நின்றவர் அன்னா, சாய்ந்துகொண்டவர் அவருடைய கணவர்.

நோயைப் பற்றி முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தஸ்தயெவ்ஸ்கியின் பெயருடன் உலகம் இணைத்துப் பேசும் நோய் வலிப்பு நோயாகும். ஆனால் அவர் எம்ஸுக்குச் சென்றது அதற்காக அன்று. நுரையீரலில் காற்று நிரம்பும் நுண்ணிய பைகளின் சுவர்கள் சிதைந்து, பைகள் விரிந்து தளர்ந்து, உள்ளே இழுத்த காற்றை முழுமையாக வெளிவிட இயலாமற்போகும் நிலைக்கு எம்ஃபசீமா என்று பெயர். தமிழில் இதை நுரையீரல் விரிவு நோய் எனலாம். படியேறினால் மூச்சு வாங்குவதும், இரவெல்லாம் இருமுவதும், மார்பில் பாரம் தோன்றுவதும் இதன் அறிகுறிகள். இரவு முழுவதும் தாமே சுருட்டிய சிகரெட்டைப் புகைத்துக்கொண்டும் தேநீர் அருந்திக்கொண்டும் எழுதும் பழக்கமுடைய ஒருவருக்கு இந்நோய் முற்றியதில் வியப்பில்லை. எம்ஸுக்குச் செல்வதற்கு முந்தைய குளிர்காலத்தில் பீட்டர்ஸ்பர்க்கில், அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய மூடிய கூண்டு ஒன்றினுள் இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கும் சிகிச்சையை, வாரத்திற்கு மூன்று முறை என்ற கணக்கில், அவர் மேற்கொண்டார். அது ஓரளவு பலன் தந்ததாக அன்னா தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். எனினும் நோய் தணியவில்லை.

அக்கால மருத்துவத்திடம் இந்நோய்க்கு மருந்து இல்லை. காசநோயின் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்து அறிவித்ததே 1882இல்தான். அதற்கு முன்பு சளி, நாட்பட்ட இருமல், காசம், மூச்சிறைப்பு ஆகியவற்றைப் பிரித்தறியும் எல்லைக்கோடுகள் தெளிவாக வரையப்படவில்லை. ஆகவே இவை அனைத்துக்கும் பொதுவான பரிந்துரையாக ஊற்றுநீர் நகரங்கள் அமைந்தன. உப்பும் சோடா உப்பும் கரைந்த வெந்நீர் இயற்கையாகவே ஊறும் இடங்களில் தங்கி, மருத்துவர் குறித்த அளவில் அந்நீரைக் குடித்து, குறித்த நேரத்தில் நடந்து, குறித்த உணவை உண்டு, கவலைகளை விட்டிருப்பதே அச்சிகிச்சை. பீட்டர்ஸ்பர்க் மருத்துவப் பேராசிரியர் கொஷ்லாகோவ் தஸ்தயெவ்ஸ்கியை எம்ஸுக்குச் செல்லும்படி அறிவுறுத்தினார். 1874 ஜூன் மாதம் புறப்பட்ட அவர், வழியில் பெர்லினில் புகழ்பெற்ற மருத்துவர் ஃப்ரெரிக்ஸைக் கண்டார். மாளிகை போன்ற இல்லத்தில் வாழ்ந்த அந்தப் பேராசிரியர் ஓரிரு நிமிடங்களிலேயே தம்மை அனுப்பிவிட்டதை மனைவிக்கு எழுதிய கடிதத்தில் மனக்குறையுடன் விவரிக்கிறார். எம்ஸில் அவரைக் கவனித்தவர் டாக்டர் ஓர்த் என்னும் உள்ளூர் மருத்துவர். அடுத்தடுத்த பயணங்களிலும் அவரிடமே சென்றார்.

ரைன் ஆற்றுடன் கலக்கும் லான் ஆற்றின் கரையில், செங்குத்தான மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் ஊர் எம்ஸ். 1866 வரை நசாவ் என்னும் சிற்றரசுக்கு உட்பட்டிருந்த இவ்வூர், பின்பு பிரஷ்யாவுடன் இணைந்தது. பிரஷ்ய அரசரும் பின்னர் ஜெர்மன் பேரரசருமான முதலாம் வில்ஹெல்ம் கோடைதோறும் இங்கு வந்தார். 1870 ஜூலையில் பிரெஞ்சுத் தூதர் பெனதெத்தி அவரை இங்குள்ள உலாவுமிடத்தில் சந்தித்துப் பேசியதும், அச்செய்தியை பிஸ்மார்க் சுருக்கி வெளியிட்டதும் பிரெஞ்சு–பிரஷ்யப் போருக்கு உடனடிக் காரணமாயின. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரும் எம்ஸின் விருந்தாளிதான். உக்ரேனிய மொழியில் நூல்கள் அச்சிடுவதைத் தடைசெய்த 1876ஆம் ஆண்டின் ஆணையில் அவர் கையெழுத்திட்டதும் இவ்வூரிலேயே. நோயாளிகளும் பிரபுக்களும் அரசர்களும் ஒரே ஊற்றின் முன் வரிசையில் நின்ற இடம் இது. கிரென்ஹென், கெசல்புருன்னன் என்னும் ஊற்றுகளின் நீரே பெரிதும் பருகப்பட்டது. தஸ்தயெவ்ஸ்கியின் நாள் காலை ஆறு மணியளவில் தொடங்கியது. ஊற்றுக்குச் சென்று, கையில் கோப்பையுடன் நெருக்கியடிக்கும் கூட்டத்தில் நின்று நீரைப் பெற்று, இசைக்குழு வாசிக்கும் தோட்டத்தில் நடந்து, மறுபடியும் குடித்து, அதன் பின்னரே காலைச் சிற்றுண்டிக்குத் திரும்ப வேண்டும். கூட்டமும், விலைவாசியும், மழையும், மலைகளுக்கிடையே மூச்சடைக்கும் காற்றும் அவரை வாட்டியதைக் கடிதத்திற்குக் கடிதம் காணலாம். ஊரின் அழகை அவர் மறுக்கவில்லை; அந்த அழகைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லை என்பதே அவருடைய குறை.

எம்ஸில் ஒரு காலத்தில் சூதாட்டக் கூடமும் இருந்தது. ஜெர்மன் பேரரசு இயற்றிய சட்டப்படி 1872 முடிவுடன் நாட்டின் சூதாட்டக் கூடங்கள் அனைத்தும் மூடப்பட்டன. தஸ்தயெவ்ஸ்கி எம்ஸுக்கு முதன்முறை வந்தபோது ரூலெட் சக்கரம் அங்கு நின்று ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஜெர்மன் ஊற்றுநீர் நகரங்களிலிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதுவது அவருக்குப் புதிதன்று என்பதால் இச்செய்தி கவனத்திற்குரியது. 1867 பிப்ரவரியில் திருமணம் நடந்தபோது அவருக்கு வயது 45, அன்னாவுக்கு 20. அதே ஆண்டு மே மாதம் இளம் மனைவியை டிரெஸ்டனில் விட்டுவிட்டு ஹோம்புர்க் நகருக்குச் சூதாடச் சென்ற அவர், அங்கிருந்து அநேகமாக நாள்தோறும் எழுதினார். சில நாட்களில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர், கடிகாரத்தையும் அடகு வைத்து ஆடி, பணம் அனுப்பும்படி வேண்டினார். 1871 ஏப்ரலில் வீஸ்பாடனிலிருந்து எழுதிய கடிதத்தில், இனி ஒருபோதும் ஆடமாட்டேன் என்று உறுதி கூறினார். அதற்கு முன்பும் பலமுறை அவ்வாறு கூறியவர்தான் அவர். இம்முறை அது உண்மையாயிற்று.

ஹோம்புர்க் கடிதங்களையும் எம்ஸ் கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரே மனிதரின் இரு பருவங்கள் தெரிகின்றன. முன்னவற்றில் எண்கள் நிறைந்துள்ளன: வென்றது, தோற்றது, எஞ்சியது. பின்னவற்றிலும் எண்கள் நிறைந்துள்ளன: குடித்த கோப்பைகள், அறை வாடகை, மருத்துவர் கட்டணம், எழுதி முடித்த தாள்கள், வலிப்பு கண்ட நாள், கடிதம் வந்த நாள், வராத நாள். கணக்கிட்டுக்கொண்டே இருக்கும் மனம் மாறவில்லை. கணக்கின் பொருள்தான் மாறியது. முன்பு அக்கணக்கு குற்ற உணர்வால் எழுந்தது, மனைவியிடம் மன்னிப்புக் கேட்பதற்காக ஒப்படைக்கப்பட்டது. எம்ஸிலோ அது பொறுப்புணர்வால் எழுந்தது, குடும்பத் தலைவியிடம் ஒப்படைக்கப்படும் வரவுசெலவாக அமைந்தது. வாழ்க்கை வரலாறுகளில் இந்த மாற்றத்திற்குப் போதிய இடம் தரப்படுவதில்லை. சூதாடிய தஸ்தயெவ்ஸ்கியே மக்கள் மனத்தில் தங்கியிருக்கிறார். சூதாட்டத்தை விட்டபின் பத்தாண்டுகள் மனைவியின் துணையோடு கடனைத் தீர்த்து, குழந்தைகளை வளர்த்து, நேரம் தவறாமல் உழைத்த தஸ்தயெவ்ஸ்கியைக் காண்பதற்கு இக்கடிதங்களே சிறந்த வழி.

அக்காலக் கடிதப் போக்குவரத்தின் இயல்பையும் இங்கே கருத்தில் கொள்ள வேண்டும். ரஷ்யா அப்போது ஜூலியன் நாட்காட்டி எனப்படும் பழைய முறையைப் பின்பற்றியது. அது மேற்கு ஐரோப்பாவின் நாட்காட்டிக்கு 12 நாட்கள் பின்தங்கியிருந்தது. ஆகவே எம்ஸ் கடிதங்கள் பெரும்பாலும் இரட்டைத் தேதி தாங்கியுள்ளன. ஒரு கடிதம் எம்ஸிலிருந்து ஸ்தாராயா ரூஸாவை அடைய நான்கைந்து நாட்கள் பிடிக்கும். அதற்கான பதில் திரும்பி வர மேலும் அவ்வளவு நாட்கள் ஆகும். குழந்தைக்குக் காய்ச்சல் என்ற செய்தி எம்ஸை அடையும்போது காய்ச்சல் தணிந்திருக்கும், அல்லது முற்றியிருக்கும்; எது நடந்தது என்பதை அறிய இன்னொரு கடிதத்திற்குக் காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியை அவருடைய கற்பனை நிரப்பியது. மனித மனத்தின் கொடிய சாத்தியங்களை எல்லாம் எண்ணிப் பார்த்து எழுதியவர் அவர். அதே ஆற்றல் அவரைத் துன்புறுத்தவும் செய்தது. கடிதம் ஒருநாள் தாமதித்தால் குழந்தைகள் இறந்துவிட்டதாகவும், அன்னா நோயுற்றதாகவும் எண்ணி உறக்கமின்றித் தவித்தார். அன்னாவின் கடிதங்கள் சுருக்கமாக இருக்கின்றன என்றும், குழந்தைகள் பேசியதையும் செய்ததையும் இன்னும் விரிவாக எழுத வேண்டும் என்றும் மீண்டும் மீண்டும் கேட்டார்.

தாமதத்திற்கு அரசியல் காரணமும் இருந்திருக்கக்கூடும். 1849இல் பெத்ரஷெவ்ஸ்கி குழுவினருடன் கைதாகி, மரண தண்டனை கடைசிக் கணத்தில் குறைக்கப்பட்டு, சைபீரியாவில் நான்கு ஆண்டுகள் கடுந்தண்டனை அனுபவித்தவர் தஸ்தயெவ்ஸ்கி. கால் நூற்றாண்டு கடந்து, அரசுக்கு ஆதரவான கருத்துகளை வெளிப்படையாக எழுதும் எழுத்தாளராக அவர் மாறிய பின்னரும், அவர் மீதான இரகசியக் காவல் கண்காணிப்பு தொடர்ந்தது. கணவரின் வெளிநாட்டுப் பயணத்திற்கான கடவுச்சீட்டு தொடர்பாக ஸ்தாராயா ரூஸாவின் காவல் அதிகாரியைச் சந்தித்தபோதுதான் அன்னா இதை அறிந்தார். அதற்கென ஒரு கோப்பே இருப்பதை அந்த அதிகாரி அவரிடம் காட்டினார். நோயுற்ற ஒரு மனிதர் குழந்தைகளின் நலம் கேட்டு எழுதும் கடிதம்கூட அயலார் கண்ணில் படக்கூடும் என்ற நிலையில்தான் இக்கடிதங்கள் எழுதப்பட்டன என்பது நினைவில் இருக்க வேண்டியது.

அன்னாவின் இடத்தை விளக்காமல் இக்கடிதங்களை விளக்க இயலாது. ‘சூதாடி’ நாவலை 1866 அக்டோபரில் 26 நாட்களில் சுருக்கெழுத்தில் எடுத்து எழுதித் தந்த இளம்பெண்ணாகவே தமிழ் வாசகர்கள் பலர் அவரை அறிந்துள்ளனர். பேச்சை அது ஒலிக்கும் வேகத்திலேயே குறியீடுகளால் பதிவுசெய்யும் சுருக்கெழுத்துக் கலை அப்போது ரஷ்யாவில் புதியது; சொந்த உழைப்பில் வாழ விரும்பிய பெண்களுக்கு அது ஒரு வாயில். ஆனால் அன்னாவின் பணி அந்த 26 நாட்களில் முடிந்துவிடவில்லை. 1871இல் நாடு திரும்பியதும் கடன்காரர்களை எதிர்கொண்டு பேசித் தவணை பெற்றவர் அவர். 1873இல் ‘பேய்கள்’ நாவலைத் தாமே வெளியிட்டு, பதிப்பாளர்களின் பிடியிலிருந்து கணவரை விடுவித்தவர் அவர். 1876 முதல் ‘எழுத்தாளரின் நாட்குறிப்பு’ மாத வெளியீடாக வந்தபோது தாள் வாங்குவது, அச்சகத்துடன் பேசுவது, சந்தாதாரர்களுக்கு அனுப்புவது அனைத்தும் அவர் கையில் இருந்தன. 1874 வசந்தத்தில் கவிஞர் நெக்ராசவ் தம் இதழுக்கு நாவல் கேட்டு வந்தபோது, மனைவியைக் கலந்து பேசாமல் விடை தர இயலாது என்று கூறி தஸ்தயெவ்ஸ்கி எழுந்து உள்ளே சென்ற நிகழ்ச்சியை அன்னா பதிவுசெய்துள்ளார். நெக்ராசவ் அச்சுத்தாள் ஒன்றுக்கு 250 ரூபிள் தருவதாகச் சொன்னார். ‘பதின்பருவத்தான்’ நாவல் அவ்வாறு உருவானது. அந்நாவலுக்கான திட்டத்துடன்தான் அவர் முதன்முறை எம்ஸில் இறங்கினார்.

ஆகவே எம்ஸ் கடிதங்களில் அன்பு மொழிக்கு அடுத்த வரியிலேயே பணமும், முன்பணமும், அச்சும், தவணையும் வருவது முரண்பாடன்று. ஒரே மேசையில் அமர்ந்து பேச வேண்டியவற்றை எல்லாம் அவர் தாளில் பேசினார். இரவில் எழுதிய குறிப்புகளை மறுநாள் பிற்பகலில் அன்னாவிடம் வாய்மொழியாகச் சொல்ல, அவர் சுருக்கெழுத்தில் எடுத்துப் படியெழுதித் தருவதே இல்லத்தில் நிலவிய முறை. எம்ஸில் அந்த உதவி இல்லை. மருத்துவர் ஓய்வு கொள்ளச் சொல்லியிருந்தார். இதழாசிரியர்களோ அடுத்த பகுதிக்குக் காத்திருந்தனர். இரண்டுக்கும் இடையில் தனி அறையில் அமர்ந்து எழுத முயன்று, எழுத்து ஓடாமல், அந்த இயலாமையையே மனைவிக்கு எழுதினார். நோய்க்குத் தரப்பட்ட சிகிச்சையின் முதல் நிபந்தனை கவலையின்மை என்றால், அந்த நிபந்தனை நான்கு கோடைகளில் ஒன்றில்கூட நிறைவேறவில்லை.

1874ஆம் ஆண்டுச் சிகிச்சை முடிந்ததும் அவர் நேரே வீடு திரும்பவில்லை. தெற்கே திரும்பி ஜெனீவாவுக்குச் சென்றார். 1868இல் அங்கு பிறந்து, மூன்று மாதங்களிலேயே இறந்த முதல் குழந்தை சோனியா அந்நகரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தாள். அந்தச் சிறு கல்லறைக்கு இருமுறை சென்று, அங்கு வளர்ந்திருந்த சைப்ரஸ் மரத்தின் கிளைகளைக் கொய்து அன்னாவுக்காகக் கொண்டுவந்தார். சிகிச்சைப் பயணத்தின் செலவுக் கணக்கைக் காசு காசாக எழுதிய மனிதர், இந்தச் சுற்றுவழிக்கு ஆகும் செலவைப் பொருட்படுத்தவில்லை.

1875ஆம் ஆண்டின் கடிதங்களில் ஒன்று இலக்கிய வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கது. அவ்வாண்டு அன்னா கருவுற்றிருந்தார். ஆகஸ்டில் அல்யோஷா என அழைக்கப்பட்ட அலெக்ஸி பிறந்தான். எம்ஸில் தனித்திருந்த தஸ்தயெவ்ஸ்கி விவிலியத்தின் யோபு ஆகமத்தைப் படித்துக்கொண்டிருந்தார். செல்வமும் மக்களும் உடல்நலமும் ஒருங்கே பறிக்கப்பட்ட ஒரு நல்ல மனிதன் இறைவனிடம் நியாயம் கேட்கும் நூல் அது. அந்நூல் தம்மை உலுக்கிவிடுவதாகவும், படிப்பதை நிறுத்திவிட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அறைக்குள் நடந்தபடி கண்ணீர் விடும் நிலையை எய்துவதாகவும், குழந்தைப் பருவத்தில் தம்மை முதலில் ஆட்கொண்ட நூல்களில் அதுவும் ஒன்று என்றும் அன்னாவுக்கு ஜூன் மாதம் எழுதினார். நோயுற்றவர், பிறக்கப்போகும் குழந்தைக்காக அஞ்சுபவர், மக்களை இழந்த யோபுவைப் படிக்கிறார். அந்த அனுபவத்தைச் சொல்லத்தக்க ஒரே ஆளாக மனைவியை நினைக்கிறார்.

மூன்றாண்டுகளில் அல்யோஷா இறந்தான். 1878 மே மாதம், மூன்று வயது நிறையும் முன்பே, நீடித்த வலிப்பால் அவன் உயிர் பிரிந்தது. தம் நோயே மகனுக்குச் சென்றது என்ற எண்ணம் தந்தையை நொறுக்கியது. அன்னாவின் வேண்டுகோளின்படி இளம் மெய்யியலாளர் விளாதிமிர் சொலவ்யோவ் அவரை ஒப்தினா மடத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கு அம்வ்ரோசி என்னும் மூத்த துறவியைச் சந்தித்துத் திரும்பினார். அதன்பின் எழுதத் தொடங்கிய ‘கரமாசோவ் சகோதரர்கள்’ நாவலில் அல்யோஷா என்னும் பெயர் நாயகனுக்கு வந்தது. அந்நாவலின் ஆறாம் நூலான ‘ரஷ்யத் துறவி’யில், மூத்த துறவி ஸோசிமா, சிறுவயதில் தேவாலயத்தில் யோபுவின் கதை வாசிக்கப்பட்டதைக் கேட்டு உருகியதை நினைவுகூர்கிறார், இழந்த மக்களுக்குப் பின் புதிய மக்களைப் பெற்ற யோபு, முன்னவர்களை மறந்து எவ்வாறு மகிழ்ந்திருக்க முடியும் என்ற வினாவையும் எழுப்புகிறார். இப்பகுதியை தஸ்தயெவ்ஸ்கி முடித்து, ‘ரஷ்யத் தூதன்’ இதழின் லியூபிமவுக்கு அனுப்பியது 1879 ஆகஸ்டில், எம்ஸிலிருந்துதான். 1875இல் மனைவிக்கு எழுதிய ஒரு பத்தி, நான்காண்டுகளுக்குப் பின், இடையில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்த நிலையில், அதே ஊரில் நாவலின் பகுதியாயிற்று. ஸோசிமாவின் அந்த வினா கோட்பாட்டளவில் எழுந்ததன்று என்பதை அன்னா அறிந்திருந்தார். நாவலும் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

இடைப்பட்ட 1876ஆம் ஆண்டுப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாண்டின் எம்ஸ் அனுபவம், ஜூலை–ஆகஸ்ட் மாதங்களுக்கென ஒன்றாக வெளியிடப்பட்ட ‘எழுத்தாளரின் நாட்குறிப்பு’ இதழில் நேரடியாகவே இடம்பெற்றது. ஊற்றுநீர் நகரங்களின் நாகரிகத்தையும், வெளிநாட்டில் தம் மொழியைத் துறந்து பிரெஞ்சு பேசும் ரஷ்ய மேட்டுக்குடியினரையும் அதில் கடுமையாக விமர்சித்தார். பொதுவாசகருக்கு எழுதிய அந்தப் பக்கங்களில் அவர் நாட்டின் மனச்சான்றாக நின்று பேசுகிறார். அதே வாரங்களில் மனைவிக்கு எழுதிய கடிதங்களிலோ பொறாமையும் ஏக்கமும் மேலோங்கியுள்ளன. தம்மைவிட 25 வயது இளைய மனைவி தம்மை வெறுத்துவிடக்கூடும் என்ற அச்சம் அவரை விடவே இல்லை.

1879ஆம் ஆண்டின் கடிதங்கள் இத்தொகுதியில் மிகக் கனமானவை. அன்னாவுக்கு அப்போது 32 வயது, அவருக்கு 57. டாக்டர் ஓர்த் பரிசோதித்து, நுரையீரலின் ஒரு பகுதி இடம்பெயர்ந்துள்ளது, இதயமும் அதனால் சற்று நகர்ந்துள்ளது என்று கூறியதை அவர் வீட்டிற்கு எழுதினார். மருத்துவர் ஆறுதலும் சொன்னார். அந்த ஆறுதலை அவர் எவ்வளவு நம்பினார் என்பது வேறு. தம் மரணத்தைப் பற்றியும், தமக்குப் பின் மனைவியும் லீல்யா, ஃபேத்யா என்னும் இரு குழந்தைகளும் எதை வைத்து வாழ்வார்கள் என்பதைப் பற்றியும் ஓயாது எண்ணுவதாக எழுதினார். கொஞ்சம் நிலம் வாங்கிவிட வேண்டும், அது குழந்தைகளுடன் வளரும் என்ற எண்ணம் அவரை ஆட்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கும் தனித்தனியே சிறு கடிதங்கள் எழுதினார். நாவலின் ஐந்தாம் நூலில் இவான் கரமாசோவ் எழுப்பிய கடவுள் மறுப்புக்கு விடையாக ஆறாம் நூல் அமைய வேண்டும் என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட கடமை. உலக இலக்கியத்தின் மிகக் கடினமான பணிகளுள் ஒன்றான அதை, மூச்சு இறைக்க, பேச ஆளின்றி, வாடகை அறையில் அமர்ந்து செய்தார். அந்த அறையிலிருந்து வெளியே செல்லும் ஒரே கதவாக அன்னாவுக்கு எழுதும் கடிதமே இருந்தது.

அக்கடிதங்களில் காதலும் உண்டு; பன்னிரண்டு ஆண்டுத் திருமண வாழ்க்கைக்குப் பின்னும் தணியாத உடல்சார்ந்த காதல். அதைச் சொல்லும் வரிகள் பலவற்றை அன்னா பிற்காலத்தில் மையால் அழுத்தமாக அடித்துவிட்டார். பின்வந்த பதிப்பாசிரியர்களால் அவற்றுள் பெரும்பகுதியைப் படிக்க முடியவில்லை. அச்சிலும் அவ்விடங்கள் அடிக்கப்பட்டவை என்ற குறிப்புடனேயே உள்ளன. இதை ஆவணச் சிதைவு என்று குறைகூறும் ஆய்வாளர்கள் உண்டு. அக்குறை முழுவதும் ஏற்கத்தக்கதன்று. கடிதங்களை எரித்துவிட அன்னாவுக்கு முழு வாய்ப்பு இருந்தது, அவர் எரிக்கவில்லை. கணவரின் சூதாட்டத்தையும், பொறாமையையும், கோபத்தையும், கடனையும் வெளிப்படுத்தும் பக்கங்களைக்கூடப் பாதுகாத்து, பெயர்களுக்கு விளக்கக் குறிப்பும் எழுதி வைத்தார். மறைத்தது, தமக்கும் கணவருக்கும் மட்டுமே உரியது என்று அவர் கருதியதை. தமக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் எதை உலகத்திற்குத் தருவது, எதைத் தராமல் விடுவது என்று முடிவுசெய்யும் உரிமை அதைப் பெற்றவருக்கு உண்டு. அந்த உரிமையை அன்னா பொறுப்புடன் பயன்படுத்தினார்.

1881 ஜனவரியில் நுரையீரலிலிருந்து இரத்தம் கசிந்து தஸ்தயெவ்ஸ்கி இறந்தார். எம்ஸ் நீர் ஒத்திப்போட முயன்ற நோயே முடிவில் அவரைக் கொண்டுசென்றது. அப்போது 35 வயதுகூட நிறைந்திராத அன்னா மறுமணம் செய்துகொள்ளவில்லை. கணவரின் நூல் தொகுதிகளைப் பதிப்பித்தார்; 1906இல் மாஸ்கோ வரலாற்று அருங்காட்சியகத்தில் அவருக்கென அமைந்த பிரிவையொட்டி விரிவான நூற்பட்டியல் ஒன்றை வெளியிட்டார்; நினைவுக் குறிப்புகளை எழுதினார். 1918இல் யால்தாவில் இறந்தபோது அந்த நினைவுக் குறிப்புகளோ கடிதங்களின் முழுத்தொகுதியோ நூலாக வந்திருக்கவில்லை. நினைவுக் குறிப்புகள் 1925இலும், மனைவிக்கு தஸ்தயெவ்ஸ்கி எழுதிய கடிதங்கள் 1926இலும் வெளியாயின. இருவர் கடிதங்களையும் ஒருங்கே சேர்த்த தொகுதி 1976இல்தான் லெனின்கிராதில் வந்தது. அதாவது அரை நூற்றாண்டுக் காலம் உலகம் இந்த உரையாடலில் ஒருவர் குரலை மட்டுமே தனி நூலாகக் கேட்டது; கணவர் குறைகூறுகிறார், வேண்டுகிறார், அஞ்சுகிறார், ஆனால் அவற்றுக்கு விடையளித்தவர் எவ்வாறு பேசினார் என்பது தெரியாமலே இருந்தது. அன்னாவைப் பொறுமையின் வடிவமாக மட்டுமே வரைந்த வாழ்க்கை வரலாறுகள் பல தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஞ்சியுள்ள அவருடைய கடிதங்களைப் படித்தால் கிடைக்கும் சித்திரம் வேறு. தொலைவிலிருந்து வரும் அச்சங்களுக்கு அவர் நிதானமாக விடை சொல்கிறார். குழந்தைகளின் பேச்சையும் வீட்டுச் செலவையும் எழுதுகிறார். சில வேளைகளில் தம் சினத்தையும் மறைக்காமல் காட்டுகிறார். தஸ்தயெவ்ஸ்கியின் பெருநாவல்களைத் தமிழில் படிக்கும் வாய்ப்பு இன்று நன்றாகவே வளர்ந்துள்ளது, எம்.ஏ. சுசீலா போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் பல்லாண்டு உழைப்பு அதற்குக் காரணம். அந்த வரிசையில் எம்ஸ் கடிதங்களையும் கொண்டுவர முன்வருவோர், கணவரின் கடிதங்களை மட்டும் தனியே பெயர்த்துத் தராமல், அன்னாவின் கடிதங்களையும் அவற்றுக்கு உரிய தேதிகளில் இடையிடையே சேர்த்தே தர வேண்டும்.